தீச்சுவரின் முதல் வரி

சுவர் எழுப்பி வரலாற்றில் இடம்பிடித்தவர்கள் பலர் உண்டு. எதிரி வராமல் இருக்கச் சீனர்கள் எழுப்பினார்கள். மாடு வராமல் இருக்க என் பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பினார். ஆனால் தன் உறுப்பினர்களை உலகமெல்லாம் சுற்றிவர அனுமதித்துவிட்டு, தன் அலமாரியை மட்டும் எட்டிப் பார்க்க முடியாதபடி ஒரு சுவரை எழுப்பிய பெருமை, ஈப்போ புந்தோங்கில் காச்சாங் பூத்தே என்னும் வறுகடலை விற்கும் ஒரு கடைக்கு மேல்மாடியில் இயங்கும் ‘சுங்கை கெலாடி முன்னாள் தோட்டத் தொழிலாளர் நலச் சங்க’த்துக்கே உரியது. அதன் கௌரவச் செயலாளர் என்ற முறையில் இதைப் பணிவோடு பதிவு செய்கிறேன். பணிவு எங்கள் சங்க விதிகளில் பதினொன்றாவதாக வருகிறது.

என் பெயர் விக்னேஸ்வரன். பள்ளிக்கூட அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, முப்பத்தோரு ஆண்டுகள் இருந்து ஓய்வு பெற்றவன். கூட்டக் குறிப்பு எழுதுவதில் எனக்கு நிகர் நான்தான். கூட்டம் நடப்பதற்கு முன்பே குறிப்பை எழுதி முடித்த சந்தர்ப்பங்களும் உண்டு.

எங்கள் தலைவர் கனகராஜ். பத்தொன்பது ஆண்டுகளாகப் போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்படுகிறவர். போட்டியிடுவதற்கான விண்ணப்பப் பாரம் அச்சடிப்பதை நிறுத்தியது அவர் காலத்தில்தான். போன ஆண்டு ஓர் ஓட்டலில் சங்கங்களுக்காக நடந்த ‘இலக்கவியல் உருமாற்றம்’ என்னும் இரண்டு நாள் பட்டறைக்குப் போய்வந்தார். முதல் நாள் பை கொடுத்தார்கள். இரண்டாம் நாள் சான்றிதழ் கொடுத்தார்கள். இரண்டையும் சுமந்துகொண்டு நேராகச் சங்கத்துக்கு வந்த தலைவர், அறிவித்தார்.

“இனிமே நம்ம உறுப்பினருங்க எல்லாருக்கும் இலவச விபிஎன்.”

விபிஎன் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். எங்களுக்கும் அன்று தெரியாது. உறுப்பினர் தன் வீட்டிலிருந்தே கைப்பேசியில் ஒரு பொத்தானை அழுத்துவார். கண்ணுக்குத் தெரியாத ஒரு குழாய் வழியாக அவர் எங்கள் அலுவலகத்துக்குள் வந்துவிடுவார். அங்கிருந்து சங்கத்தின் இணையத்தில் ஏறி உலகத்துக்குப் போவார். ஆயர் தாவாரில் உட்கார்ந்திருப்பவர் புந்தோங் வழியாக அமெரிக்காவைப் பார்க்கலாம்.

ஆண்டுக் கூட்டத்தில் ஒருவர் எழுந்து கேட்டார். “தலைவரே, இந்தக் குழாய்ல நொழையறதுக்கு வீட்டுல இன்டர்நெட் இருக்கணும்தானே? வீட்டுலயே இன்டர்நெட் இருக்கறப்போ, அதுல ஏறி ஆபீசுக்கு வந்து, ஆபீஸ் இன்டர்நெட்ல ஏறி எங்க போறது?”

“அது உங்க இன்டர்நெட்,” என்றார் தலைவர். “இது சங்கத்து இன்டர்நெட்.”

கைதட்டல் அடங்க நெடுநேரம் ஆனது. இணையம் இருப்பவர்களுக்கு மட்டும் இணையம் வழங்கும் மகத்தான திட்டம் அன்று ஏகமனதாக நிறைவேறியது.

குழாய் போடுவதற்கு முன்பாகவே ஒரு கடிதம் வந்தது. சுங்கை கெலாடி தோட்டத்தை வாங்கியிருந்த வீடமைப்பு நிறுவனத்தின் கடிதம். ரப்பர் மரங்களைச் சாய்த்து, எண்ணெய்க்காகச் செம்பனை வைத்து, செம்பனையையும் வெட்டிவிட்டு வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். முன்னாள் தொழிலாளர்களுக்கென்று முப்பத்தெட்டு வீடுகள் ஒதுக்குவதாக ஒப்பந்தம். யார் யாருக்கு என்று பெயர்ப் பட்டியல் தயாரித்துக் கொடுக்கும் பொறுப்பு எங்கள் சங்கத்துக்கு. பட்டியலை உறுப்பினர்களின் பார்வைக்குப் பதினான்கு நாள் திறந்து வைக்க வேண்டும், ஆட்சேபம் உள்ளவர்கள் பதினான்காம் நாள் வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் நிறுவனத்திடம் எழுத்தில் தர வேண்டும், அதற்குப் பிறகு மாற்றம் கிடையாது என்று கடிதம் சொன்னது.

தலைவர் கடிதத்தை மூன்று முறை படித்தார். “பார்வைக்குத் தொறந்து வைக்கணும்னுதான் போட்டிருக்கான். பார்க்க வைக்கணும்னு எங்கயும் போடல,” என்றார். பட்டறைக்குப் போய்வந்ததன் பலன் உடனே தெரிந்தது.

பட்டியலை அலுவலகத்துக் கணினிப் பெட்டியில் வைப்பது என்று தீர்மானமானது. இருபத்து நான்கு மணி நேரமும் திறந்தே இருக்கும். குழாய் வழியாக வரும் உறுப்பினர்கள் இணையத்துக்குத் தாராளமாகப் போகலாம். அலுவலகத்துக்குள் இருக்கும் பெட்டி, அச்சுப்பொறி, தலைவரின் கணினி ஆகிய ‘உள்வட்டம்’ பக்கம் மட்டும் திரும்பக்கூடாது. இதற்குத்தான் தீச்சுவர். ஆங்கிலத்தில் ஃபயர்வால் என்பார்கள்.

தீச்சுவரை அமைக்கச் சிலிபினில் கணினிக் கடை வைத்திருக்கும் கோலினை வரவழைத்தோம். நாற்பது வயது இருக்கும். தேவைக்கு மேல் பேசாதவன். செயலவைக் கூட்டத்தில் மடிக்கணினியைத் திறந்துவைத்துக்கொண்டு விளக்கினான்.

“ரெண்டே ரூல்தாண்ணே. மொதோ ரூல், ஆபீஸ் நெட்வொர்க் பக்கம் போறவங்கள நிப்பாட்டு. ரெண்டாவது ரூல், மத்தபடி எங்க போனாலும் விட்டுரு. அவ்ளோதான்.”

பொருளாளர் சதாசிவம் கையை உயர்த்தினார். எங்கள் செயலவையில் பஞ்சாங்கம் பார்ப்பவர் அவர்தான். சங்கத்தின் எந்த முடிவும் அவர் கடிகாரத்தைப் பார்த்துத் தலையாட்டிய பிறகே முடிவாகும்.

“தம்பி, மொதோ வரியே ‘நிப்பாட்டு’வா? நல்ல காரியம் லா இது. கல்யாணப் பத்திரிகையில மொதோ வரியா ‘வராதீங்க’ன்னு போடுவியா?”

“அண்ணே, இது பத்திரிகை இல்ல. ஃபயர்வால் மேலேர்ந்து கீழ படிக்கும். எது மொதல்ல பொருந்துதோ அதச் செஞ்சிட்டு போய்க்கிட்டே இருக்கும். அதுக்குக் கீழ உள்ளதப் படிக்கவே படிக்காது. ‘எல்லாரையும் விடு’ன்னு மேல வச்சா, எல்லாருமே அதுலயே போயிருவாங்க.”

“முழுசாப் படிக்காதவன எதுக்கு காவலுக்கு வைக்கிறோம்?” என்று கேட்டார் சதாசிவம்.

கோலின் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

தலைவர் தலையிட்டார். “நாம கூட்டக் குறிப்பு நாலு பக்கம் அனுப்புறோம். உறுப்பினருங்க என்ன, மொதோ வரி மட்டுமா படிக்கிறாங்க?”

“ஆமா தலைவரே,” என்றேன். அசந்த நேரத்தில் உண்மை வந்துவிட்டது.

தலைவர் என்னைப் பார்க்காமல் தொடர்ந்தார். “ரெண்டு வரியும் இருக்கத்தான் போவுது. எது மேல, எது கீழங்கறதுதான் பேச்சு. வீட்டுக்கு வர்றவங்கள மொதல்ல ‘வாங்க’ன்னு சொல்லணும். உக்கார வச்சதுக்கு அப்புறம் ‘சாமி ரூம் பக்கம் போவாதீங்க’ன்னு சொல்லணும். எடுத்ததும் ‘போவாதே’ன்னா அது நம்ம பண்பாடா?”

“அண்ணே, அப்படி வச்சா பூட்டு வாங்கி மேசை மேல வச்ச மாதிரிதான்,” என்றான் கோலின்.

“பூட்டு இருக்கா இல்லையா?”

“இருக்கு.”

“போதும்.”

ஏழு வாக்குகள் ஆதரவு, எதிர்ப்பு இல்லை. கோலின் உறுப்பினன் அல்லன் என்பதால் அவன் தலையில் அடித்துக்கொண்டது வாக்காக எண்ணப்படவில்லை. ‘தொழில்நுட்பர் விளக்கினார், செயலவை அவரைத் திருத்தியது’ என்று குறித்துக்கொண்டேன். அவன் தன் வேலைச் சீட்டை நீட்டினான். அதில் ‘வாடிக்கையாளர் வற்புறுத்தியபடி வரிசை மாற்றப்பட்டது’ என்று பேனாவால் எழுதியிருந்தான். பெருமையோடு கையெழுத்திட்டேன்.

தீச்சுவர் என்பது பார்க்கச் சோற்றுப் பாத்திரம் அளவுள்ள ஒரு கறுப்புப் பெட்டி. சதாசிவம் குறித்துக் கொடுத்த நேரத்தில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் இட்டு, தேங்காய் உடைத்தோம். காற்றுப் போகும் துளைகளில் சந்தனம் அடைத்துக்கொள்ள, பெட்டி சூடாகி ஒருமுறை அணைந்தது. கோலின் துடைத்துவிட்டான். தீச்சுவருக்கு உஷ்ணம் இயல்புதான் என்று தலைவர் விளக்கம் கொடுத்தார்.

பிறகு சோதனை. தலைவர் தம் வீட்டிலிருந்து கைப்பேசியில் குழாய் வழியாக வந்தார். ஒரு சமையல் காணொளியைப் பார்த்தார். வேலை செய்தது.

“உள்வட்டத்த தொறந்து பாத்தீங்களா தலைவரே?” என்று கோலின் கேட்டான்.

“கூடாதுன்னு நாமளே விதி போட்டுட்டு நாமளே தொறந்து பாக்கறதா?” என்றார் தலைவர். சோதனை வெற்றி என்று குறிப்பில் ஏறியது.

வெளிப்படைத்தன்மையில் எங்களை யாரும் குறை சொல்லிவிடக் கூடாது. ஆகவே உறுப்பினர் அனைவருக்கும் ஓர் அறிவிப்பு அனுப்பினேன். பட்டியல் எந்த முகவரியில் இருக்கிறது என்பதை, நான்கு எண்களும் மூன்று புள்ளிகளுமாக, தடித்த எழுத்தில் போட்டேன். அதற்குக் கீழே, ‘விபிஎன் வழி வரும் உறுப்பினர்களுக்கு இம்முகவரியில் அனுமதி இல்லை’ என்றும் போட்டேன். ஒரே காகிதத்தில் கடிதத்தின் நிபந்தனையும் நிறைவேறியது, செயலவையின் விருப்பமும் நிறைவேறியது. என் முப்பத்தோரு ஆண்டு அனுபவத்தில் அப்படி ஒரு அறிவிப்பை நான் எழுதியதில்லை.

ஐந்தாம் நாள் புனிதா வந்தார்.

புனிதாவுக்கு ஐம்பத்தொரு வயது. சுங்கை கெலாடி லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில், பிறந்து, பதினாறு வயதில் மரம் வெட்ட, அதாவது ரப்பர்ப் பால் சீவ, போனவர். ரப்பர் போய் செம்பனை வந்ததும் உதிரிப்பழம் பொறுக்கினார். இப்போது ஆயர் தாவாரில் ஒரு பள்ளிக்கூடக் கேண்டீனில் சமைக்கிறார். தோட்டத்தில் இன்னும் இடிக்காமல் மிச்சமிருந்த ஆறு லயத்து வீடுகளில் ஒன்று அவருடையது. மாதக் கடைசியில் அதையும் இடிக்கப்போகிறார்கள். பட்டியலில் பெயர் இருந்தால் புது வீட்டுக்குப் போவார். இல்லையென்றால் போவதற்கு இடம் கிடையாது. இதையெல்லாம் அவர் எனக்குச் சொல்லவில்லை. எனக்கே தெரியும்.

ஒரு நாள் லீவு போட்டு, இரண்டு பஸ் மாறி, மாடிப்படி ஏறி வந்திருந்தார்.

“அண்ணே, லிஸ்ட்டுல என் பேரு இருக்கான்னு பாக்கணும்.”

“தாராளமாப் பாக்கலாம்மா. லிஸ்ட் தொறந்தேதான் இருக்கு.”

“எங்கண்ணே?”

“உள்வட்டத்துல.”

“அது எங்க இருக்கு?”

“இதோ, இந்த ரூம்ல.” என் பின்னால் இருந்த கதவைக் காட்டினேன்.

“அப்ப உள்ள போயிப் பாத்துக்கவா?”

“ரூமுக்குள்ள செயலவை மட்டும்தான்மா. உறுப்பினருங்க விபிஎன் வழியாத்தான் வரணும்.”

“சரி. விபிஎன்ல வந்தா தெரியுமா?”

“தெரியாது. விபிஎன்ல வர்றவங்களுக்கு இன்டர்நெட் மட்டும்தான். உள்வட்டம் கிடையாது. பாதுகாப்பு லா.”

“அப்ப லிஸ்ட்டப் பாக்கறதுக்கு என்ன செய்யணும்?”

“ஆபீசுக்கு வரணும்.”

“நான் ஆபீசுலதானேண்ணே நிக்கிறேன்?”

“வந்ததுக்கு ரொம்ப நன்றிம்மா,” என்றேன். வருகைப் பதிவேட்டில் கையெழுத்து வாங்கிக்கொண்டேன்.

வெறுங்கையோடு அனுப்ப மனம் வரவில்லை. அவருடைய கைப்பேசியில் நானே விபிஎன்னைப் போட்டுக் கொடுத்தேன். உறுப்பினர் சேவை என்பது இதுதான்.

“இதுல என்னண்ணே கிடைக்கும்?”

“உலகமே கிடைக்கும்மா.”

“எனக்கு உலகம் வேணாண்ணே. ஒரு வீடு போதும்.”

படியிறங்கும்போது கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கினார். மரம் வெட்டியவர்களுக்கு முழங்கால் அப்படித்தான் ஆகிவிடுகிறது. எனக்கு ஒரு மாதிரியாக இருந்தது. அதைக் கூட்டக் குறிப்பில் எழுத இடமில்லை.

பத்தாம் நாள் மறுபடியும் வந்தார். இந்த முறை அடையாள அட்டை, பழைய சம்பளச் சீட்டுகள், சேமநிதித் தாள்கள் எல்லாம் ஒரு பிளாஸ்டிக் பையில். சம்பளச் சீட்டுகளை ஒவ்வொன்றாக மேசைமேல் அடுக்கினார்.

“இது போதுமாண்ணே?”

“எதுக்கும்மா?”

“லிஸ்ட்டப் பாக்கறதுக்கு.”

“லிஸ்ட்டுல இருக்கறதுக்குத்தான் இதெல்லாம் வேணும். பாக்கறதுக்கு வேணாம்.”

“அப்ப காட்டுங்களேன்.”

“அதுக்குத்தான் தீச்சுவர் இருக்கே,” என்றேன்.

அவர் சீட்டுகளை மறுபடி பைக்குள் அடுக்கினார். அடுக்க வெகுநேரம் ஆனது. நான் காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

பதின்மூன்றாம் நாள், வியாழக்கிழமை காலை பத்தரைக்கு என் கைப்பேசி அடித்தது. பின்னால் பிள்ளைகளின் கூச்சல். பள்ளிக்கூட இடைவேளை.

“அண்ணே, நான் புனிதா பேசுறேன். லிஸ்ட்டப் பாத்துட்டேன்.”

“எப்படிம்மா?”

“நீங்க போட்டுக் குடுத்தீங்கல்ல, அந்த விபிஎன்ன அமுக்குனேன். நீங்க அனுப்புன நோட்டீசுல ஒரு நம்பர் இருந்துச்சு. அத அடிச்சேன். தொறந்துக்கிச்சு.”

“அனுமதி இல்லைன்னு கீழயே போட்டிருந்தேனேம்மா?”

“பாத்தேண்ணே. அனுமதி இல்லைன்னுதான் இருந்துச்சு. அமுக்குனா தொறக்காதுன்னு போடலியே.”

நான் நாற்காலியைத் தேடினேன். உட்கார்ந்துதான் இருந்தேன் என்பது பிறகு தெரிந்தது.

“அதுல மூணு லிஸ்ட் இருக்குண்ணே,” என்று புனிதா நிதானமாகச் சொன்னார். “மொதோ லிஸ்ட்டுக்குப் பேரு ‘பட்டியல்’. அதுல இருபத்து மூணாவதா நான் இருக்கேன். ரெண்டாவது ‘பட்டியல் இறுதி’. அதுலயும் நான் இருக்கேன். மூணாவது ‘பட்டியல் இறுதி தலைவர் பார்த்தது’. அதுல நான் இல்ல. இருபத்து மூணுல ஷர்மினின்னு ஒரு பேரு இருக்கு. யாருண்ணே அந்த ஷர்மினி?”

“விசாரிக்கிறேம்மா,” என்றேன். விசாரணை செயலாளரின் பொறுப்பு.

மதியத்துக்குள் மூன்று பட்டியலும் ‘கெலாடி தோட்டம் நம்ம குடும்பம்’ என்னும் வாட்ஸ்அப் குழுவில் வந்துவிட்டன. குழுவில் இருநூற்றுப் பன்னிரண்டு பேர். முப்பத்தெட்டு பெயர்களில் பதினொன்று மாறியிருப்பதை முதலில் கண்டுபிடித்தவர் கோலாலம்பூரில் லாரி ஓட்டும் ஓர் உறுப்பினர். சிக்னலில் நின்றபோது எண்ணினாராம்.

இங்கே ஒரு விளக்கம் அவசியம். பதினோரு பெயர்களை மாற்றியதில் முறைகேடு ஏதும் இல்லை. ‘தோட்டத்தில் உழைத்தவர்கள்’ என்ற பிரிவோடு, ‘தோட்டத்தில் உழைத்தவர்களுக்காக உழைத்தவர்களின் வாரிசுகள்’ என்ற பிரிவையும் செயலவை ஏகமனதாகச் சேர்த்திருந்தது. அதன்படி தலைவரின் இரண்டு மகன்கள் இடம்பெற்றார்கள். ஒருவர் மெல்பர்னில் இருக்கிறார். சதாசிவத்தின் மைத்துனர் இடம்பெற்றார். ரப்பர் பாலை அவர் பாட்டிலில்கூடப் பார்த்ததில்லை. மீதிப் பேரும் இதே தகுதியில்தான் வந்தார்கள்.

அன்று மாலை தலைவர் குழுவில் ஒரு குரல் பதிவு போட்டார். “அன்பான உறுப்பினர்களே, சுத்திக்கிட்டு இருக்கற லிஸ்ட் போலி. ஏஐ செஞ்சது. யாரும் நம்ப வேணாம்.” பதிலுக்கு நூற்று நாற்பது பேர் சிரிக்கும் முகத்தை அனுப்பினார்கள். ஆதரவு என்று தலைவர் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை காலை அவசரக் கூட்டம். கோலினையும் வரவழைத்திருந்தோம். அவன் கறுப்புப் பெட்டியோடு அரை மணி நேரம் இருந்துவிட்டு நிமிர்ந்தான்.

“சுவருல ஒரு தப்பும் இல்லண்ணே. நீங்க சொன்னதத்தான் செஞ்சிருக்கு. மொதோ வரி ‘எல்லாரையும் விடு’. விட்டிருக்கு. ரெண்டாவது வரிக்கு வேலையே வரல.”

“அப்படின்னா ரெண்டு வாரமா உள்வட்டம் தொறந்தா கிடந்துச்சு?” என்று தலைவர் கேட்டார்.

“ஆமாண்ணே.”

“எத்தன பேரு உள்ள வந்தாங்க?”

“ஒரே ஒரு ஆளு. நேத்துக் காலைல பத்து பதினேழுக்கு.”

 சுவர் இல்லாமலேயே இரண்டு வாரம் சுவர் நின்றிருக்கிறது. ‘அனுமதி இல்லை’ என்று நான் எழுதிய ஒற்றை வரியே அத்தனை பேரையும் வாசலில் நிறுத்திவைத்திருக்கிறது. தோட்டத்து ஆபீஸ் கிராணி ஜன்னல் வழியாகக் கையை அசைத்தால் மறுபேச்சில்லாமல் திரும்பிப் போகிறவர்களாகவே மூன்று தலைமுறை வளர்ந்திருக்கிறோம். அந்த ஜன்னலுக்கு இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்தது எனக்கு எவ்வளவு சுகமாக இருந்தது என்று அந்த அறையில் நினைத்துக்கொண்டேன். வெட்கமாக இருந்தது.

“நேரம்தான் தப்பு,” என்றார் சதாசிவம். “தேங்கா ஒடைக்கறப்போ அஞ்சு நிமிஷம் தாண்டிருச்சு.”

தலைவர் மேசையைத் தட்டினார். “இது ஊடுருவல். திருட்டு. இப்பவே போலீஸ் ரிப்போர்ட் போடுறோம். ரிப்போர்ட் போட்டுட்டா கேஸ் முடியற வரைக்கும் அந்த லிஸ்ட்ட வச்சு யாரும் ஒண்ணும் செய்ய முடியாது. இன்னிக்கு அஞ்சு மணி தாண்டுனா போதும்.”

எங்கள் தலைவரின் தொலைநோக்கை நான் எப்போதும் வியந்திருக்கிறேன்.

பிற்பகல் மூன்று மணிக்கு போலீஸ் நிலையத்துக்குப் போனோம். தலைவர் கோட்டு அணிந்திருந்தார். முகப்பில் ஒரு தமிழ் சார்ஜன் கணினியில் புகார் எழுதிக்கொண்டிருந்தார். சுவரோரப் பெஞ்சில் புனிதா உட்கார்ந்திருந்தார், மடியில் அந்த பிளாஸ்டிக் பை. எங்களைப் பார்த்து எழுந்து நின்றார். இத்தனைக்குப் பிறகும் எழுந்து நின்றார். தலைவர் தலையசைத்து உட்காரச் சொன்னார்.

“என்ன காணாமப் போச்சு?” என்று சார்ஜன் கேட்டார்.

“பட்டியல்,” என்றார் தலைவர்.

“இப்ப உங்ககிட்ட இல்லையா?”

“இருக்கு.”

“அப்ப என்னதான் காணாமப் போச்சு?”

“அதுல இருந்த ரகசியம்.”

சார்ஜன் தட்டச்சுவதை நிறுத்தினார். “வாட்ஸ்அப்ல சுத்துதே, அந்த லிஸ்ட்டா? என் பெரியம்மா மகன்கூட அனுப்புனான். அது போலின்னு நீங்கதானே நேத்து வாய்ஸ் போட்டிருந்தீங்க?”

“அது வந்து… அரசியல்.”

“சார், போலின்னா அது உங்க சாமான் இல்ல, திருட்டு இல்ல. திருட்டுன்னா அது உங்க சாமான், போலி இல்ல. ரெண்டையும் ஒரே ரிப்போர்ட்ல எழுத முடியாது. எது வேணும்?”

தலைவர் என்னைப் பார்த்தார். நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன். மூன்று இருபது. போலி என்று சொன்னால் புகார் இல்லை, புகார் இல்லையென்றால் ஐந்து மணிவரை அந்தப் பட்டியலைத் தடுக்க வேறு வழியில்லை. அதைவிட முக்கியம், பேராக் மாநிலத்திலேயே முதல் முறையாகத் தீச்சுவர் கண்ட சங்கத்தின் ஆவணத்தைப் போலி என்று யாரும் சொல்லிவிட முடியுமா? தலைவரின் கழுத்து நிமிர்ந்தது.

“எங்க பட்டியல்தான். அசல். எங்க செயலவை கூடி முடிவு பண்ணது.”

“அசல்னு எப்படி நம்பறது?”

நான் பையிலிருந்து மூன்று பட்டியல்களையும் எடுத்தேன். ஆவணங்களைக் கையோடு வைத்திருப்பது நல்ல செயலாளருக்கு அழகு. ஒவ்வொரு பக்கத்திலும் தலைவர் கையெழுத்திட்டார். கீழே நான் கையெழுத்திட்டு, சங்கத்து முத்திரைச் சாப் குத்தி, தேதியும் நேரமும் எழுதினேன். மை நன்றாக விழுந்தது.

சார்ஜன் தாள்களை வாங்கி, புரட்டி, பெஞ்சுப் பக்கம் திரும்பினார். “அக்கா, நீங்க லிஸ்ட்ட மாத்திட்டாங்கன்னு ரிப்போர்ட் போட வந்தவங்கதானே? போன்ல எடுத்த படம் பத்தாது, சாப் வச்ச காப்பி வேணும்னு ஹவுசிங் கம்பெனில சொன்னாங்கன்னீங்கல்ல? இந்தாங்க, ரெண்டு பேரு கையெழுத்தோட இருக்கு. ஒரு காப்பி எடுத்துத் தரேன்.”

ஜெராக்ஸ் இயந்திரம் மூன்று முறை மின்னியது. புனிதா தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்தார். போகும்போது என் முன்னால் நின்றார்.

“ரெண்டு தடவ வந்தேன்ணே. ஒரு தடவ நீங்க ‘பேரு இல்லம்மா’ன்னு சொல்லியிருந்தாகூட நான் அழுதுட்டுப் போயிருப்பேன்,” என்றார். குரல் உயரவில்லை. உயர்ந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும்.

அவர் நான்கரைக்கே நிறுவனத்தின் ஈப்போ அலுவலகத்தில் ஆட்சேபத்தைக் கொடுத்துவிட்டார். தோட்டத்திலிருந்து வேன் பிடித்து வந்த பத்துப் பேர் அவருக்கு முன்பே வரிசையில் நின்றார்களாம். சாப் வைத்த அந்த ஒரே நகலைப் பதினொரு பேரும் காட்டினார்கள். அடுத்த மாதம் முதல் பட்டியலின்படியே சாவி கொடுத்தார்கள். இருபத்து மூன்றாம் எண் வீட்டில் இப்போது புனிதா இருக்கிறார்.

எங்கள் சங்கமும் சும்மா இருக்கவில்லை. உடனடியாகத் திருத்த நடவடிக்கை எடுத்தது. தீச்சுவரில் இரண்டாம் வரி முதல் வரியாகவும், முதல் வரி இரண்டாம் வரியாகவும் மாற்றப்பட்டன. இப்போது உள்வட்டத்துக்குள் ஒரு ஈ நுழைய முடியாது. குறை இருந்த ஒரே இடம் அதுதான் என்று செயலவை ஏகமனதாகக் கருதுகிறது.

ஆனால் அன்று போலீஸ் நிலையத்தில் வேலை இன்னும் முடியவில்லை. புனிதா போனபின் தலைவர் ‘ஒரு முக்கியமான போன்’ என்று வெளியே போனார். அவர் கார் கிளம்பும் சத்தம் கேட்டது. சார்ஜன் என்னை உட்காரச் சொன்னார். மூன்றாம் பட்டியலில் விரலை வைத்தார்.

“இருபத்து மூணு, ஷர்மினி. இவங்க எந்த டிவிஷன்ல மரம் வெட்டுனாங்க?”

“மரம் வெட்டல. பேங்க்குல வேல செய்யறா.”

“தெரிஞ்சவங்களா?”

“என் மக.”

 சார்ஜன் கணினியில் என் முழுப் பெயர், அடையாள அட்டை எண், முகவரி, தொழில் எல்லாவற்றையும் கேட்டு அடித்தார். புகார் கொடுப்பவர் என்ற இடத்தில் என் பெயர் வந்தது. பிறகு நிமிர்ந்து கேட்டார்.

“சரி சார். திருட்டுதான்னு சொல்றீங்க. யார் மேல சந்தேகம்?”

முப்பத்தோரு ஆண்டுகள் நான் நிரப்பாத பாரம் இல்லை. ஒரே பெயரை இரண்டு இடத்திலும் எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன்.